நீலப் பட்டை

நீலப் பட்டை அண்ணாவுடையது, மஞ்சள் பட்டை என்னுடையது. பதினொரு வாரம் நான் அவற்றை மாற்றிக் கட்டினேன். யாராவது கேட்டிருந்தால் அப்போதே ஒப்புக்கொண்டிருப்பேன் என்று பொய் சொல்ல மாட்டேன். செய்தது தப்பு என்று எனக்குத் தெரியும். ஆனால் ஏன் செய்தேன் என்று தெரிந்துகொள்ளாமல் யாரும் என்னிடம் நியாயம் பேச வர வேண்டாம்.

என் பெயர் யோகம். வயது எழுபத்தைந்து. ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தேன், அதில் கடைசி எட்டு வருடம் தலைமை எழுத்தர். ஒரு பிள்ளை வாசலில் வந்து நின்றால் அதன் பெயர், வகுப்பு, தகப்பனுக்கு என்ன வேலை எல்லாவற்றையும் பதிவேட்டைத் திறக்காமலே சொல்வேன். ஏழு தலைமையாசிரியர்கள் வந்து போனார்கள், ஏழு பேரும் முதல் நாளே என்னிடம்தான் வழி கேட்டார்கள். இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அண்ணா வேலாயுதம் என்னைவிட நான்கு வயது மூத்தவர். அவருக்குக் கல்யாணம் கூடிவரவில்லை. எனக்குக் கூடிவந்தது, நான் வேண்டாம் என்றேன். காத்தோங்கில் அப்பா அம்மாவோடு இருந்த வாடகை வீடு கையைவிட்டுப் போனபிறகு இரண்டு பேரும் புக்கிட் மேராவுக்கு வந்தோம். முப்பத்து மூன்று வருடமாக ஒரே கூரையின் கீழ் இருக்கிறோம். சண்டை போடாத நாள் கிடையாது, சேர்ந்து சாப்பிடாத நாளும் கிடையாது.

அரசாங்க அலுவலகத்தில் நாற்பது வருடம் ஆங்கிலத்தில் கடிதம் எழுதியவர் அவர். பிறர் எழுதிய கடிதத்தில் ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தாலும் முகம் சுளிப்பார். அப்படிப்பட்ட மனிதர் போன வருடம் ஆங்கிலத்தைத் தொலைக்க ஆரம்பித்தார். கோப்பிக் கடைச் சீனர் ஆங்கிலத்தில் ஏதோ கேட்பார், இவர் "சீனி கொஞ்சமா போடுங்க" என்று தமிழில் சொல்லிவிட்டு நிற்பார். அந்த ஆள் என்னைப் பார்ப்பார். நான் பேச்சை மாற்றிவிடுவேன். அதன்பிறகு ஒருநாள் மருந்து வாங்கப் போனவர் ஆறு மணி நேரம் வரவில்லை. தீவின் இன்னொரு கோடியில், மார்சிலிங்கில் ஓர் அடுக்குமாடி புளோக்கின் கீழே உட்கார்ந்திருந்தவரைப் போலீஸ்காரர்கள் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார்கள். ஏன் அங்கே போனார் என்று அவருக்கும் தெரியவில்லை.

மறுநாளே கஜன் வந்துவிட்டான். காலமாகிவிட்ட எங்கள் தம்பியின் மகன். அத்தையை மாமி என்பது எங்கள் ஆட்களின் வழக்கம், அதனால் நான் அவனுக்கு மாமி, அண்ணா பெரியப்பா. கெட்ட பிள்ளை இல்லை. ஆனால் எதையும் தாளில் அச்சடித்துக் கொண்டுவந்து பேசுகிறவன். அன்றும் ஒரு முதியோர் இல்லத்தின் கையேட்டோடு வந்திருந்தான்.

"மாமி, நீங்க ஒரே ஆளா பெரியப்பாவப் பாத்துக்க முடியாது லா. நான் குறை சொல்லல. அடுத்த தடவ போலீஸ் கண்டுபிடிக்கிறதுக்குள்ள ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

"இங்க யாரும் தொலைஞ்சு போகல. பஸ் மாறி ஏறிட்டார்."

"ஆம்பிளைங்க மூணாவது மாடி. நல்ல காத்தோட்டம். ஞாயித்துக்கிழமை நீங்க போய்ப் பாக்கலாம்."

நானும் கூடப் போய் இருந்துகொள்கிறேன் என்றேன். அவன் சிரித்துவிட்டான். உங்களுக்குத்தான் ஒன்றுமில்லையே மாமி, தேவைப்படுகிறவர்களைத்தான் எடுப்பார்கள் என்றான். அண்ணா இல்லாத அந்த வீட்டில் நான் யாரைத் திட்டுவேன், யாருக்குச் சோறு போடுவேன்? அவரோ, அந்த மூன்றாவது மாடியில், யாருக்கும் புரியாத தமிழில் சீனி குறைவாகப் போடச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

கடைசியில் ஒரு பேரத்துக்கு வந்தோம். தேக்காச் சந்தைக்குப் பின்னால் மூத்தோர் நடவடிக்கை நிலையம் ஒன்று இருக்கிறது. அங்கே ரோபோ ஒன்று தமிழில் நினைவுப் பயிற்சி நடத்துவதாகக் கஜன் எங்கோ படித்திருந்தான். பன்னிரண்டு வாரம். முடிவில் அறிக்கை தருவார்கள். அறிக்கை நன்றாக இருந்தால் இந்த வருடம் இல்லத்தைப் பற்றிப் பேச்செடுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தான். பெரியப்பாவுக்குத் துணையாக நீங்களும் சேருங்கள், இரண்டு பேருக்கும் நல்லது என்று என் பெயரையும் சேர்த்தே பதிந்துவிட்டான்.

அந்த ரோபோவுக்குச் சிட்டு என்று பெயர் வைத்திருந்தார்கள். இடுப்பு உயரத்துக்கு, வெள்ளையாக, சக்கரத்தில் உருண்டு வரும் ஒன்றுக்குச் சிட்டு என்று பெயர் வைத்தவரை நான் பார்க்க வேண்டும். செய்தி வாசிப்பவரைப் போல ஓர் எழுத்துவிடாமல் தமிழ் பேசியது. வகுப்பில் பன்னிரண்டு பேர். எனக்கு எதிரே உட்கார்ந்த அப்துல் ஹமீது, துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், முதல் நாளே கையைக் கட்டிக்கொண்டார்.

"எழுபது வயசுக்கு மேல ஒரு பொம்மைகிட்ட பரீட்சை எழுதணுமா? எங்க வாப்பாகூட என்னய இப்படிக் கேள்வி கேட்டதில்ல."

அண்ணா மட்டும் அதைப் பார்த்த மாத்திரத்தில் ஏற்றுக்கொண்டார். எழுந்துபோய் அதன் தலையைத் தடவிக் கொடுத்தார். சாப்பிட்டாயா என்று கேட்டார். நான் மின்சாரத்தில் இயங்குகிறேன், உங்கள் அன்புக்கு நன்றி என்று அது பதில் சொன்னது. அதற்கு அண்ணா, பரவாயில்லை, வெட்கப்படாதே என்று சட்டைப்பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து நீட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் வேறு விஷயத்துக்கு வாதாடிக்கொண்டிருந்தேன். நிலையத்தை நடத்தும் பிரசாந்தி என்ற பெண் ஒரு படிவம் கொடுத்தாள். ரோபோ எங்கள் முகங்களைப் படம் பிடித்து யார் யார் என்று அடையாளம் வைத்துக்கொள்ளுமாம். அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டேன். பிறகு இன்னொன்றும் கேட்டேன்.

"நாங்க தப்பா பதில் சொன்னா, எல்லார் முன்னாலயும் பேர் சொல்லித் தப்புன்னு சொல்லுமா?"

"தப்புன்னு சொல்லாது ஆன்ட்டி. ட்ரை அகெய்ன்னு தமிழ்ல சொல்லும்."

"பேர் சொல்லுமா, சொல்லாதா?"

சொல்லும் என்றாள். அப்படியானால் நாங்கள் வரவில்லை என்றேன். ஹமீது என் பக்கம் சேர்ந்தார், அவர் பின்னால் மற்றவர்களும் வரியை அடித்துக் கொடுத்தார்கள். அடுத்த வாரம் பயிற்சி தொடங்குவதற்குள் ஏற்பாட்டை மாற்றிவிட்டார்கள். முகமும் இல்லை, பெயரும் இல்லை. ஆளுக்கு ஒரு நிறத்தில் ரப்பர் பட்டை. வாசலில் ஒரு தட்டில் வைத்திருப்பார்கள், அவரவர் நிறத்தை எடுத்துக் கையில் மாட்டிக்கொள்ள வேண்டும். பட்டை எங்கே இருக்கிறதோ அந்தப் பக்கம் சிட்டு திரும்பும், நிறத்தைச் சொல்லிக் கூப்பிடும். எந்த நிறம் யாருடையது என்பது பிரசாந்தியின் பட்டியலில் மட்டும் இருக்கும். எனக்கு வெற்றி என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் வார விளையாட்டை மறக்க மாட்டேன். நினைவுக் கூடை என்று பெயர். ஆளுக்கொரு தொடுதிரைப் பலகை கொடுப்பார்கள், அதில் ஐந்து படங்கள் வந்து மறையும். நடுவில் வேறு ஏதாவது செய்யச் சொல்வார்கள். பிறகு இருபது படங்களைக் காட்டி, கூடையில் இருந்த ஐந்தையும் தொடச் சொல்லும். குடை, தேங்காய், சாவி, பூனை, கடிகாரம். நான் ஐந்தையும் தொட்டேன். அண்ணா குடையைத் தொட்டார், பிறகு ஒரு மீனைத் தொட்டார், பிறகு மீனையே மறுபடி தொட்டார். பிறகு பலகையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பிரசாந்தி தன் கணினியில் எதையோ குறித்தாள். அவள் முகம் மாறியதைப் பார்த்தேன்.

இரண்டாம் வாரம் தட்டிலிருந்து இரண்டு பட்டைகளையும் நானே எடுத்தேன். கை கழுவும் இடத்துக்கு அண்ணாவை அழைத்துப் போனேன்.

"கைய நீட்டுங்க அண்ணா."

"போன தடவ நீலம்தானே?"

இதை மட்டும் எப்படி நினைவு வைத்திருந்தார் என்று இன்றுவரை தெரியவில்லை.

"மஞ்சள் உங்களுக்கு நல்லா இருக்கு" என்றேன். சரி என்று கையை நீட்டினார்.

என் கணக்கு எளிமையானது. என் கெட்டிக்காரத்தனம் அவர் பெயரில் பதிவாகட்டும். அவருடைய மீன்கள் என் பெயரில் விழட்டும். கடைசியில் என்ன ஆகும்? யோகத்துக்கு மறதி என்று வைத்தியரிடம் அனுப்புவார்கள். அவர் கேட்கும் கேள்விக்கெல்லாம் நான் டாண் டாண் என்று பதில் சொல்வேன். ரோபோதான் தப்பு என்று ஆகிவிடும், அதற்குள் வருடம் முடிந்துவிடும், அண்ணா வீட்டிலேயே இருப்பார். பதிவேட்டில் எழுதியிருப்பதுதான் ஊருக்கு உண்மை. அந்தப் பதிவேடுகளை எழுதியே வயிறு வளர்த்தவள் நான்.

இயந்திரத்தை ஏமாற்றுவது இத்தனை சுலபமா என்று எனக்கே ஆச்சரியம். நான் ஐந்தையும் தொட்டால், "மிக நன்று, நீலம்" என்று என் பக்கம் திரும்பிச் சொல்லும். அண்ணா தடுமாறினால், "பரவாயில்லை, மஞ்சள். நேரம் இருக்கிறது" என்று சொல்லி, அவர் முன்னால் வந்து நிற்கும். நிற்கும் என்றால் நிற்கும். அவர் விரல் அசையும்வரை நகராது. வகுப்பில் எங்களுக்கெல்லாம் பொறுமை போய்விடும், அதற்குப் போகாது. ஹமீதுகூட நான்காவது வாரத்தில் கட்டிய கையைப் பிரித்துவிட்டார். எங்க வீட்டு ஆளுங்களுக்கு இந்தப் பொறும இல்லம்மா என்று என்னிடம் சொன்னார். எனக்கும் அதன்மேல் ஒரு பிரியம் வந்திருந்தது. ஏமாந்துகொடுக்கிறவர்களை யாருக்குத்தான் பிடிக்காது?

இப்படியே ஆறாவது வாரம் முடிந்தது.

ஏழாவது வாரம் என்று நினைக்கிறேன். சிட்டு என் பக்கம் திரும்பிக் கேள்வி கேட்டபோது அதன் பேச்சு மெதுவாக வந்தது. "நீலம். இப்போது. கூடையில் இருந்தவற்றை. தொடுங்கள்." மற்றவர்களிடம் சாதாரணமாகத்தான் பேசியது. நீலம் என்றால் எழுபத்தொன்பது வயது ஆண் என்று எங்கோ பார்த்து மரியாதை கொடுக்கிறது என்று நினைத்து எனக்குள் சிரித்துக்கொண்டேன். வகுப்பு முடிந்ததும் பிரசாந்தியிடம் விளையாட்டாகக் கேட்டேன்.

"ஏம்மா, உங்க சிட்டுக்கு பேட்டரி தீந்துபோச்சா? இழுத்து இழுத்துப் பேசுது."

"அது ஒவ்வொருத்தரோட ஸ்பீடையும் கத்துக்கும் ஆன்ட்டி. யாருக்கு டைம் தேவையோ அவங்ககிட்ட ஸ்லோவா பேசும், கூட வெயிட் பண்ணும். அதுக்குன்னேதான் செஞ்சிருக்காங்க."

அடுத்த வாரம் அது என் முன்னால் வந்து நின்றது. நான்கு படங்களைத் தொட்டிருந்தேன். ஐந்தாவதை அது காட்டவே இல்லை. சத்தியமாகக் காட்டவில்லை. மற்ற எல்லாரும் முடித்துவிட்டார்கள். ஹமீது விரலால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார், பிறகு தட்டுவதை நிறுத்திவிட்டார். சிட்டின் வட்ட முகம் என் முகத்துக்கு நேராக, அசையாமல் இருந்தது. "பரவாயில்லை, நீலம். நேரம் இருக்கிறது." எனக்கு ரத்தம் தலைக்கேறியது. கைக்கு வந்ததைத் தொட்டுவைத்தேன். அது உருண்டு போய்விட்டது. வகுப்பு முடிந்ததும் பிரசாந்தியைப் பிடித்து, உங்கள் மிஷின் படத்தை ஒழுங்காகக் காட்டமாட்டேன் என்கிறது என்று சத்தம் போட்டேன். எல்லாருக்கும் ஒரே படங்கள்தான் ஆன்ட்டி, செக் பண்ணுகிறேன் என்றாள்.

வீட்டில் வேறு அண்ணாவின் தொல்லை கூடிக்கொண்டே போனது. வீட்டுச் சாவியைக் குளிர்பெட்டியில் கத்தரிக்காய்க்கு அடியில் வைத்திருந்தார். அவர் வைக்கவில்லை என்றார். ஒருநாள் கீழே போய்த் திரும்பினால் வீடெல்லாம் பருப்பு தீய்ந்த புகை. அவர் பாட்டுக்குத் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"அடுப்புல பருப்ப வெச்சது யாரு?" என்று கத்தினேன்.

"நீதான்" என்றார்.

அவரோடு வாதாடிப் பிரயோசனம் இல்லை என்று பாத்திரத்தை ஊறவைத்தேன். பழியை அடுத்தவர் தலையில் போடுவதும் இந்த வியாதியின் குணம் என்று கஜன் கொடுத்த கையேட்டில் படித்திருந்தேன்.

பன்னிரண்டாவது வாரம் வகுப்பு முடிந்தது. சனிக்கிழமை காலையில் அறிக்கை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். கஜன் வேலைக்குப் போகிற உடுப்பில் நேராக அங்கே வந்துவிட்டான். சின்ன அறை. பிரசாந்தி மேசைக்கு அந்தப் பக்கம், நாங்கள் மூன்று பேர் இந்தப் பக்கம். மூலையில் சிட்டை மின்சாரத்தில் செருகி வைத்திருந்தார்கள். அதன் முகம் இருண்டிருந்தது. அண்ணா போய்த் தன் கைக்குட்டையால் அதன் தலையைத் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"மொதல்ல யோகம் ஆன்ட்டியோடது பாப்போம்" என்றாள் பிரசாந்தி.

மஞ்சள் கோடு. முதல் வாரம் உச்சியில் இருந்தது, இரண்டாம் வாரம் தொபுக்கடீர் என்று விழுந்தது, பிறகு தரையோடு தரையாகப் போனது. எதிர்பார்த்ததுதான். கஜன் என் பக்கம் திரும்பினான். அவன் கண் கலங்கியதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

"ஏன் மாமி சொல்லவே இல்ல?"

"சொல்ல என்ன இருக்கு? கண் சரியா தெரியல. டாக்டரப் பாத்துக்கலாம். அண்ணாவோடத காட்டும்மா" என்றேன். அடுத்த தாளுக்காகத்தான் இத்தனை பாடும்.

பிரசாந்தி உடனே திருப்பவில்லை.

"அங்கிளோடதுதான் எங்களுக்குக் கவலை. முதல் வாரம் சரியில்ல, பட் அதுக்கப்புறம் ஆறாவது வாரம் வரைக்கும் ரொம்ப நல்லா செஞ்சாரு. குரூப்லயே பெஸ்ட். ஏழுலேர்ந்து எறங்குது. பதில் சொல்ல எடுத்துக்கிற நேரம் மூணு மடங்காயிடுச்சு. பத்தாவது வாரம் அஞ்சுல ரெண்டுதான். கடைசி வாரம் ஒரே படத்த மூணு தடவ தொட்டிருக்காரு. இவ்ளோ சீக்கிரம் எறங்கினா வெயிட் பண்ணக் கூடாது. உடனே கவனிக்கணும்னு சிட்டே ஃப்ளாக் பண்ணிருச்சு."

நீலக் கோட்டைப் பார்த்தேன். மேட்டிலிருந்து இறங்கி இறங்கி மஞ்சளுக்குப் பக்கத்தில் வந்திருந்தது.

பட்டை மாறிப்போயிருக்கும் என்றுதான் முதலில் தோன்றியது. சில வாரங்கள் நான் மாற்றிக் கட்ட மறந்து, அண்ணா தன் நீலத்தையே கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அப்படித்தான் இருக்கும். மூச்சு வந்தது. அடுத்த நொடியே அந்த மூச்சு நின்றது. மாற்றிக் கட்டியிருந்தால் அந்த மதிப்பெண் என்னுடையது. மாற்றிக் கட்டவில்லை என்றால், வாரத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டிய ஒரே காரியத்தை நான் மறந்திருக்கிறேன். இரண்டில் எது என்றாலும் அந்தக் கோடு என்னுடையதுதான்.

"பத்தாவது வாரம் என்ன நடந்துச்சு?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே தூரத்தில் கேட்டது.

"அதான் ஆன்ட்டி, ஹரி ராயா பெருநாள் முடிஞ்ச வாரம். ஹமீது அங்கிள் வீட்டுலேர்ந்து குவே கொண்டாந்தாரு. நீங்ககூட ரெண்டு எடுத்துட்டு, சீனி ஜாஸ்தின்னு அவரக் கிண்டல் பண்ணீங்க. எல்லாரும் சிரிச்சோம்."

கைப்பேசியில் படம் காட்டினாள். எல்லாரும் நிற்கிறோம். நடுவில் நான். பச்சை நிறத்தில் பலகாரம் இருந்த தட்டைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுச் சிரிக்கிறேன். கத்தரிப்பூ நிறச் சேலை, அது என் சேலைதான். தட்டு மறைத்ததில் மணிக்கட்டு தெரியவில்லை. அந்தத் தட்டு, அந்தப் பலகாரம், அந்தச் சிரிப்பு எதுவுமே எனக்கு ஞாபகம் இல்லை. யாரோ என் சேலையைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கிற மாதிரி இருந்தது. சாவியைக் கத்தரிக்காய்க்கு அடியில் வைத்தது யார் என்று அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது.

கஜன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். ரெண்டு பேருமா என்று ஆங்கிலத்தில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

சரி, உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று தீர்மானித்தேன். இனி ஒளித்து என்ன காப்பாற்றப் போகிறேன்? வைத்தியர் பார்ப்பதாக இருந்தால் யாருக்கு என்ன வியாதி என்றாவது சரியாகத் தெரிய வேண்டும்.

"கஜன், கேளு. அந்த நீலம் அண்ணாவோடது இல்ல. நான். ரெண்டாவது வாரத்துலேர்ந்து நான்தான் நீலம். மஞ்சள் அண்ணா. நான்தான் பட்டைய மாத்திக் கட்டினேன்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஓகே ஆன்ட்டி" என்றாள் பிரசாந்தி. ஒவ்வொரு சொல்லாக, இடைவெளி விட்டு. "நீங்க. சொல்றது. எங்களுக்குப் புரியுது."

"புரியல உனக்கு. அறிக்கைய மாத்தி வாசி. இந்தத் தாள் என்னோடது, அந்தத் தாள் அவரோடது."

"மாமி, பரவால்ல. யாரும் உங்கள ஒண்ணும் சொல்லல" என்று கஜன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

அப்போது அண்ணா வாயைத் திறந்தார்.

"யோகம்தான் கட்டிவிடுவா. எனக்கு மஞ்சள் நல்லா இருக்குன்னு சொல்லுவா."

பதினொரு வாரத்து உண்மையை அந்த மனிதர் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். நான் கஜன் முகத்தைப் பார்த்தேன். அவன் சிரித்துக்கொண்டே, ஆமா பெரியப்பா, ரொம்ப நல்லா இருக்கு என்று அவர் தோளைத் தட்டினான்.

"ஹமீதக் கேளுங்க" என்றேன். எதிரே உட்கார்ந்தவர். ஆனால் அவருக்கு என் கையில் நீலம் இருந்தது தெரியும், அது யார் நிறம் என்று தெரியாது. யாருக்கும் தெரியக்கூடாது என்று ஏற்பாடு செய்ததே நான்தான். முகம் பார்க்காதே என்று இயந்திரத்தின் கண்ணைக் கட்டியதும் நான்தான். அந்தக் கண் திறந்திருந்தால் இப்போது எனக்காகச் சாட்சி சொல்ல அது ஒன்றாவது இருந்திருக்கும்.

பிரசாந்தி படிவத்தில் எழுத ஆரம்பித்தாள். மேசைக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு தலைகீழாக வாசிக்கத் தெரியாவிட்டால் பள்ளி அலுவலகத்தில் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. வாசித்தேன். ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். தான் யார், சகோதரர் யார் என்பதில் குழப்பம். சகோதரரின் முடிவுகளைத் தன்னுடையவை என நம்புகிறார். கீழே தேதி, கையெழுத்து. நல்ல கையெழுத்து. இனி எந்த வைத்தியரிடம் போனாலும் எனக்கு முன்னால் அந்தத் தாள் போய்ச் சேர்ந்திருக்கும். அதை எதிர்த்து நான் எவ்வளவு பேசுகிறேனோ அவ்வளவுக்கு அது உண்மையாகும்.

கஜன் பைக்குள்ளிருந்து இல்லத்தின் கையேட்டை எடுத்தான். அதற்குள் இரண்டு விண்ணப்பங்கள் இருந்தன. ஒன்று கையேட்டோடு வந்த வெற்றுத் தாள், அதைத்தான் இங்கே வைத்து நிரப்பப்போகிறான் என்று தெரிந்தது, மற்றொன்றை எப்போதோ அண்ணாவின் பெயரில் நிரப்பி முடித்திருந்தான். ஆசைப்பட்டேனே, இப்போது என்னையும் எடுத்துக்கொள்வார்கள்.

"பெண்களுக்கு எந்த மாடி?" என்று கேட்டேன்.

"அஞ்சாவது மாடி மாமி. அதுவும் நல்ல காத்தோட்டம்."

"ரெண்டு மாடிக்கும் நடுவுல வந்து போகலாமா?"

"லிஃப்ட்டுக்கு கார்டு வேணும். ஸ்டாஃப்தான் கூட்டிட்டுப் போவாங்க. அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்."

அண்ணா என் சேலைத் தலைப்பைப் பிடித்து, பசிக்கிறது, வீட்டுக்குப் போகலாமா என்றார். அவருக்கு நான் இல்லாமல் யார் பட்டை கட்டுவார்கள், யார் சோறு பிசைந்து வைப்பார்கள், தமிழில் கேட்டால் யார் பதில் சொல்வார்கள்? அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன், அழுதால் அதையும் எழுதிவிடுவார்கள்.

"கஜன், ஒண்ணே ஒண்ணு. ரெண்டு பேரையும் ஒரே மாடியில வெப்பாங்களான்னு கேளு. அண்ணா தங்கைன்னு சொல்லு. மறக்காமக் கேளு."

"கேக்குறேன் மாமி" என்று சொல்லிக்கொண்டே என் பிறந்த தேதியை எழுதினான். என்னிடம் கேட்காமல், அடையாள அட்டையைப் பார்த்து எழுதினான்.

அவன் கேட்கமாட்டான் என்று எனக்குத் தெரியும். விடாமல் நச்சரித்தால் கேட்பான், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அவனை விடாமல் நச்சரிக்க வேண்டும் என்பது எனக்கு நினைவிருக்க வேண்டும். நாளைக்கு நினைவிருக்க வேண்டும், திங்கட்கிழமை நினைவிருக்க வேண்டும். வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அண்ணாவின் கையைப் பிடித்துக்கொண்டு வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன். கஜனிடம் கேட்க வேண்டும், கஜனிடம் கேட்க வேண்டும். எங்கள் நிறுத்தத்தில் இறங்கியபோது, கஜனிடம் எதைக் கேட்க வேண்டும் என்று அண்ணா கேட்டார். நான் பதில் சொல்லக் கொஞ்ச நேரம் ஆனது.